இரண்டாவது கேள்வி

என் வீட்டுக்காரருக்கு அரசாங்கம் ஒரு பதக்கம் கொடுத்திருக்கிறது. அதை அவர் சமையலறை அலமாரியில் காலி டப்பாக்களுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். "ஏங்க, ஹால்ல மாட்டினா என்ன?" என்று கேட்டால், "திருடன் காலி டப்பாவைத் தொட மாட்டான்" என்பார். பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிறவர் அல்லவா, எதையும் திருடன் பக்கத்திலிருந்துதான் யோசிப்பார். அவ்வப்போது நான்தான் அதை எடுத்துத் துடைத்து வைப்பேன். பதக்கம் கறுத்துக் கிடந்தால் பேச்சு வாங்குவது வீட்டில் இருக்கிற பொம்பளைதானே.

பட்டாளத்தை விட்டு வந்த பிறகு செக்யூரிட்டி ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் அவருக்கு வேலை. ஆஸ்பத்திரி, வங்கி, கிடங்கு, அடுக்குமாடி வீடு என்று எங்கெல்லாம் வாசலில் சீருடை போட்டு ஓர் ஆள் நிற்கிறாரோ, அங்கெல்லாம் இவரிடம் திட்டு வாங்கிய ஒருவராவது இருப்பார். பயிற்சி நிலையம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மூடிப்போன ஒரு பிஸ்கட் கம்பெனியின் ஷெட் அது. ஒரு பக்கம் பெஞ்சுகள், மறுபக்கம் சிமெண்டுத் தரை, நட்டநடுவில் ஓர் இரும்பு கேட். கேட்டுக்கு இருபுறமும் சுவர் கிடையாது. யார் வேண்டுமானாலும் சுற்றிக்கொண்டு போய்விடலாம். ஆனால் போகக் கூடாது. நான் ஒரு நாள் சாப்பாட்டுக் கூடையோடு சுற்றிப் போய்விட்டு, அத்தனை பேர் முன்னாலும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கூடையை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். அடுத்த நாள் கேட் வழியாகத்தான் போனேன், அது வேறு விஷயம்.

பயிற்சிக்கு வருகிற ஒருவரையும் அவர் நிஜப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். மீசை, கொட்டாவி, ஜன்னல் என்று ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துவிடுவார். பதிலுக்கு அவர்கள் இவருக்கு 'ரெண்டாங்கேள்வி' என்று வைத்திருந்தார்கள். அது இவருக்குத் தெரியாது என்பது அவர்கள் நினைப்பு.

அந்தப் பெயர் வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது புரியும். ஒவ்வொரு பேட்சும் வந்த முதல் நாளே, "சார், பதக்கம் வாங்கின கதையைச் சொல்லுங்க" என்று கேட்கும். குண்டு விழுந்துகொண்டிருந்த இடத்தில் வயிற்றால் ஊர்ந்துபோய், அடிபட்டுக் கிடந்தவர்களை இழுத்துவந்ததற்காகக் கொடுத்த பதக்கம் அது. அந்தக் கதையை அவர் சொல்லவே மாட்டார். "அது ஓடற வேலை. உங்களுக்கு நிக்கிற வேலை. நின்ன கதை ஒண்ணு இருக்கு, அதைக் கேளுங்க" என்பார்.

போர்முனையில் ஒரு நாள் காலையில் காவல்முறை இவருடையது. புகையும் புழுதியும் மூடி, கை நீட்டினால் கை தெரியாத நேரம். அதற்குள்ளிருந்து ஓர் உருவம் தள்ளாடிக்கொண்டு வந்தது. மண்ணில் புரண்டு புரண்டு சீருடை எந்த நிறம் என்றே தெரியவில்லை. இவர் அன்றைய அடையாளச் சொல்லைக் கேட்டார். பதில் இல்லை. திரும்பக் கேட்டார். உருவம் தன் பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. அடுத்து சுட வேண்டியதுதான், உத்தரவு அப்படி. பின்னால் மண்மூட்டைக்குள் இருந்தவர்கள் "சுடு, சுடு" என்று கத்துகிறார்கள். என்ன தோன்றியதோ, இவர் "தாகமா இருக்கா?" என்று கேட்டுவிட்டார். உருவம் நின்றது. "ஆமா" என்றது, நம் பாஷையில், குழந்தை சொல்வதுபோல. வெடி அதிர்ச்சியில் அடையாளச் சொல் மட்டுமில்லை, தன் பெயரே மறந்துபோன நம் சிப்பாய் ஒருவன். இவர் பின்னால் திரும்பி, "நம்ம ஆளுதான், விடு" என்று சத்தம் கொடுத்தார்.

"மொத கேள்வியை யார் வேணா கேப்பான்" என்று அதற்குப் பிறகு பாடம் தொடங்கும். "யார் நீ, யாரைப் பாக்கணும், பாஸ் எங்க. அதுக்குப் பதில் வரலைன்னா உடனே கள்ளன்னு முடிவு பண்ணிடாத. அந்த ஆளால பதில் சொல்ல முடியற மாதிரி ரெண்டாவதா ஒரு கேள்வி கேளு. உள்ளயும் விடாத, விரட்டியும் விடாத. உக்கார வை. யாராவது கூட்டிட்டுப் போக வந்தா, அவங்க பேச்சை மட்டும் நம்பி அனுப்பாத. போறவரையே கேளு."

நிலையத்தை நடத்துகிற மேனேஜருக்கு இந்தக் கதை பிடிக்காது. "சார், கம்பெனிக்காரங்க வரும்போதாவது அந்தக் குண்டுக் கதையைச் சொல்லுங்க. இந்தத் தண்ணிக் கதையைக் கேட்டா எவன் சார் நம்மகிட்ட ஆள் எடுப்பான்?" என்று என் முன்னாலேயே அவரிடம் குறைபட்டிருக்கிறார்.

பயிற்சி முடிந்து ஆட்கள் வேலைக்குப் போன பிறகுதான் உண்மையான பரீட்சை. என்றைக்கு என்று சொல்லாமல், இவரே அந்த வாசலில் போய் நிற்பார். பாஸ் இல்லாமல் உள்ளே போகப் பார்ப்பார். முக்கால்வாசிப் பேர் அதில் கோட்டை விட்டுவிடுவார்கள். இவரைக் கண்டதும் உடம்பு விறைத்துக்கொள்ளும், கை தானாக சல்யூட்டுக்குப் போகும், சல்யூட் அடித்த கையாலேயே கேட்டைத் திறந்துவிடுவார்கள். "என் மூஞ்சி என்ன பாஸா?" என்று அங்கேயே பிடித்துக்கொள்வார். "நேத்தோட எனக்கு வேலை போயிருந்தா? எனக்குப் புத்தி பேதலிச்சிருந்தா? யாரைக் கேட்டு உள்ள விட்ட?"

அப்படிக் கோட்டை விட்டவர்களில் ஒருத்தி மெல்லிசு. துணி கம்பெனியில் தையல் மெஷினில் இருந்துவிட்டு, அதை மூடியதும் இந்த வேலைக்கு வந்தவள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். குரல் அவளுக்கே கேட்காது, அதனால் வந்த பெயர். மருந்துக் கிடங்கு ஒன்றின் வாசலில் போட்டிருந்தார்கள். இவர் போய் நின்றதும் அவளும் சல்யூட் அடித்துத் திறந்துவிட்டாள். "இன்னொரு தடவை வருவேன். அன்னைக்கும் திறந்தா இந்த வேலை உனக்கு இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து, "பாவம், அழுதுட்டா" என்று அவரே சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். திட்டுவதும் இவர், வருத்தப்படுவதும் இவர்.

இதெல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த காலம்.

சாயங்காலம் கதவுகளைச் சரிபார்ப்பது அவர் வழக்கம். மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள், ஜன்னல் கொக்கி. ஒரு நாள் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்துபோய் மறுபடி பார்த்தார். பிறகு மறுபடி. தொழில் புத்தி என்று நான் கேலி செய்தேன். அந்தக் கேலியை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அப்புறம் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தவற ஆரம்பித்தது. என்னை, செத்துப்போன அவர் தங்கச்சி பெயர் சொல்லி ஒரு நாள் கூப்பிட்டார். கூப்பிட்டது தவறு என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. புதிய ஞாபகங்கள் முதலில் போகும், பழையது மெல்லப் போகும், மனிதர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும் என்றார். "என் பேருமா?" என்று கேட்டேன். அவர் மருந்துச் சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டே, "பார்க்கலாம்மா" என்றார். பார்க்கலாம் என்று டாக்டர்கள் எதற்குச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, என் வீட்டுக்காரர் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இந்த பேட்ச் பாக்கி இருக்கு. அதை முடிச்சுக் கொடுத்துட்டு நானே நின்னுக்கறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத."

நான் சரி என்றேன். அவருக்காக மட்டும் சொன்னேன் என்றால் அது பொய். இந்த பேட்ச் முடிந்ததும் அவருக்கு ஒரு விழா வைத்து அனுப்புவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். பழைய பேட்ச் ஆட்கள் எல்லாரும் வருவார்கள். பதக்கத்தை மாட்டிக்கொண்டு அவர் மேடையில் நிமிர்ந்து நின்று, தானாக இறங்கி வர வேண்டும். அவரைப் பார்த்து ஒருவரும் உச்சுக் கொட்டக் கூடாது, கைத்தாங்கலாகப் பிடித்து இறக்கக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு, அதை வாய்விட்டு நான் யாரிடமும் சொன்னதில்லை. என்றைக்காவது ஒரு நாள் அவர் என்னைப் பார்த்து நீ யார் என்று கேட்கத்தான் போகிறார். அந்த நாள் நாலு சுவருக்குள் வரட்டும், அடுத்தவர் முன்னால் வேண்டாம் என்று இருந்தது.

வெளியூரில் இருக்கும் என் மகள் போனில் தினமும் நச்சரித்தாள். "அம்மா, வேலை செய்யற இடத்துல சொல்லிடு. அப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?"

"ஒண்ணும் ஆகாது. நீ உன் வீட்டைப் பாரு" என்று வைத்துவிடுவேன்.

ஒன்றும் ஆகாமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையும் செய்தேன். காலையில் அவரோடு பஸ்ஸில் போய் நிலையத்து வாசல்வரை விட்டுவிட்டு, மார்க்கெட்டுக்குப் போகிறவள்போலத் திரும்பி வந்தேன். கேட் முன்னால் நின்றுவிட்டால் போதும், அவருக்குப் பாடம் ஒரு வரி பிசகாது. சட்டைகளில் பாக்கெட்டின் உள்பக்கம் என் போன் நம்பரை நூலால் தைத்து வைத்தேன். ஒரு நாள் கண்டுபிடித்து, "இது என்ன?" என்றார்.

"சலவைக்குப் போடறப்ப துணி மாறக் கூடாதுல்ல, அதுக்கு."

எங்கள் வீட்டில் துணி துவைப்பது வாஷிங் மெஷின். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டார்.

அன்றைக்கு நான் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தேன். கன்னம் பூசணிக்காயாக வீங்கிக் கிடந்தது. "நீ படு. என்ன, பஸ் ஏறத் தெரியாதா எனக்கு?" என்று ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்கும் வலி. போகட்டும் என்று விட்டுவிட்டேன். மேனேஜர் போன் செய்தபோதுதான் அவர் போன் சாப்பாட்டு மேஜையிலேயே கிடப்பதைப் பார்த்தேன்.

"அம்மா, சார் இன்னும் வரலையே, பசங்க காத்திருக்காங்க."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். தேடுவதற்கு ஒரு பட்டாளமே வந்திருக்கும். ஆனால் இத்தனை மாதம் மறைத்துப் பழகிய வாய் அல்லவா. "காய்ச்சல் தம்பி. படுத்திருக்கார். சொல்ல மறந்துட்டேன்" என்றது.

போனை வைத்த பிறகுதான் நான் செய்தது உறைத்தது. இனி அவரைத் தேட உலகத்தில் என்னைத் தவிர ஆள் இல்லை. வீங்கிய கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். பஸ் ஸ்டாப், முடிவெட்டுகிற கடை, அவர் பேப்பர் வாங்கும் இடம், பூங்கா. பார்த்தீர்களா என்று கேட்கவும் கூச்சம். கேட்டால் ஏன் என்று கேட்பார்களே. கடைசியில் கூச்சமெல்லாம் போய், கண்ணில் பட்டவர்களையெல்லாம் நிறுத்தி, "உயரமா, வெள்ளைச் சட்டை, ஷூ பளபளன்னு இருக்கும்" என்று சொல்லிக்கொண்டு அலைந்தேன். லாரி ஹாரன் அடிக்கும்போதெல்லாம் சாலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

அப்போதுதான் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தால் சத்தமே இல்லை. காதோடு அழுத்திக் கேட்ட பிறகுதான் குரல் வந்தது.

"அம்மா, நான் மெல்லிசு பேசறேன். மருந்துக் கிடங்கு கேட். சார் எங்கிட்டதான் இருக்காரு. நல்லா இருக்காரு. உக்கார வெச்சிருக்கேன்."

நான் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நடந்ததை அவள் போனில் பாதியும் பிறகு மீதியுமாகச் சொன்னாள். காலையில் சாலையைக் கடந்து இவர் வருவதைப் பார்த்ததும் அவளுக்கு அந்தப் பழைய எச்சரிக்கைதான் ஞாபகம் வந்திருக்கிறது. இன்னொரு தடவை வருவேன் என்றாரே, வந்துவிட்டார். சல்யூட்டுக்குப் போன கையை இன்னொரு கையால் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டாளாம்.

"யாரு சார் நீங்க? யாரைப் பாக்கணும்?"

இவர் கேட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னைத் தெரியலையா?" என்றிருக்கிறார். பரீட்சையில் எல்லாரையும் கவிழ்க்க அவர் போடும் தூண்டிலும் அதே வார்த்தைதான்.

"தெரியறது வேற சார். பாஸ் இருக்கா?"

"எனக்கு டியூட்டி இருக்கு. உள்ள போகணும்."

"யார் போட்ட டியூட்டி சார்?"

அவர் ரொம்ப நேரம் யோசித்திருக்கிறார். உதடு அசைகிறது, வார்த்தை வரவில்லை. என்னமாய் நடிக்கிறார் என்று மெல்லிசு அசந்துபோனாளாம். உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் மற்ற ஆட்கள் கூடிவிட்டார்கள். மெல்லிசு திறப்பாளா மாட்டாளா என்று ஆளுக்கொரு பேச்சு. சூப்பர்வைசர் வெளியே வந்து, "பெரியவரை வெயில்ல நிக்க வெக்காதம்மா, திற" என்றிருக்கிறார். "டெஸ்ட் நடக்குது சார். கலைக்காதீங்க" என்று அவரையே திருப்பி அனுப்பியிருக்கிறாள். தன் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்ததாம்.

அதற்குள் என் வீட்டுக்காரர் திரும்பி, லாரிகள் போகிற பெரிய சாலையைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார். உள்ளே விடவில்லை, அவளுக்குப் பரீட்சையில் பாதி பாஸ். ஆனால் விரட்டியும் விடக் கூடாதே. பதில் சொல்ல முடியாதவரை உட்கார வைக்க வேண்டுமே. பாடத்தில் வந்ததே அவளுக்கு வாயில் வந்திருக்கிறது.

"சார், தாகமா இருக்கா?"

அவர் நின்றார். திரும்பினார். "ஆமா" என்றார்.

அவர் கதையை அவரே நடித்துக் காட்டுகிறார் என்றுதான் அப்போதும் அவள் நினைத்தாள். நாற்காலியைக் கொண்டுவந்து நிழலில் போட்டு, தண்ணீர் கொடுத்தாள். அவர் குடிக்கும்போது பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது. துடைத்துவிடலாம் என்று அவர் பாக்கெட்டிலிருந்த கைக்குட்டையை இழுத்தபோது, பாக்கெட்டின் வாய் விரிந்து உள்பக்கம் தெரிந்தது. நூலில் என் நம்பர்.

"பாத்ததும் தெரிஞ்சுடுச்சும்மா. நான் எவ்வளவு துணி தெச்சவ. சலவைக் குறி இப்படி இருக்காது. இது கையால, மெதுவா போட்ட தையல். என் சின்னவளை மொத மொத ஸ்கூலுக்கு அனுப்பறப்ப நான் இப்படித்தான் தெச்சு அனுப்பினேன்."

"அங்க இருக்கறவங்க என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன். பாருங்கள், அப்போதும் எனக்கு அந்தக் கவலைதான்.

"யாருக்கும் தெரியாதும்மா. டெஸ்ட் இன்னும் முடியலை, கிட்ட வரக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். ஆபீசுக்கும் சொல்லலை."

இப்படி ஓர் ஆள் வந்தால் உடனே ஆபீசுக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. சொல்லாமல் விட்டது தெரிந்தால் வேலை போய்விடும். "ஏம்மா சொல்லலை?" என்றேன்.

"நீங்களே சொல்லாம வெச்சிருக்கீங்கன்னா காரணம் இல்லாமலா இருக்கும். நீங்க வாங்கம்மா, மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

டாக்சியில் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு என் மேலேயே அப்படி ஒரு கோபம் வந்தது. வாசலில் நிற்கிறவர் பொய் சொல்லக் கூடாது என்று ஆயுசு பூராவும் கத்தின மனிதர் அவர். அவர் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று, அவர் பயிற்சி கொடுத்த ஒருத்தியை அவர் பக்கத்திலேயே நிற்க வைத்துப் பொய் சொல்ல வைத்திருக்கிறேன். நாளைக்கு அவள் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வேன்? மேனேஜருக்குப் போன் போட்டேன்.

"தம்பி, காய்ச்சல் இல்லை. நான் சொன்னது பொய்" என்று ஆரம்பித்து, டாக்டர் சொன்னது, பஸ், தையல், மருந்துக் கிடங்கு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அந்தப் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை, என் பேச்சைக் கேட்டுத்தான் சும்மா இருந்தாள் என்று கடைசியாக ஒரு பொய்யையும் சேர்த்துக்கொண்டேன். அதற்காக நான் வருந்தவில்லை.

"அப்ப விழா?" என்றார் மேனேஜர்.

"விழா வேண்டாம் தம்பி."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா. அவர்கிட்ட படிச்சவன்தானே நானும்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். டிரைவர் ரேடியோவைக் குறைத்தார்.

கிடங்கின் கேட் யானை போகிற அளவுக்குப் பெரியது. அதில் ஆள் குனிந்து நுழைகிற மாதிரி ஒரு சின்னக் கம்பிக் கதவு. கேட்டை ஒட்டி உள்ளே வலப்பக்கம் காவல் கூண்டு, அதன் நிழலில் நாற்காலி. வெளியே வெயில் ஏறியதும் உள்பக்கமாக மாற்றிப் போட்டிருக்கிறாள். நாற்காலியில் அவர். சட்டை காய்ந்திருந்தது. முழங்கால் மேல் கை வைத்து, ஏதோ வண்டிக்குக் காத்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தார். ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை.

"ஒரு நிமிஷம்மா" என்றாள் மெல்லிசு, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று. "தப்பா எடுத்துக்காதீங்க."

"என்ன தப்பா எடுத்துக்கறது? போன் பண்ணி வரச் சொன்னதே நீதானே?"

"போன்ல பேசினது நீங்கதான்னு எனக்கு எப்படித் தெரியும்மா?"

"உன் ட்ரெயினிங் பூரா சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிட்டு வந்தேனே. என் மூஞ்சி தெரியலையா உனக்கு?"

"மூஞ்சி பாஸ் இல்லம்மா" என்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் தாழ்ப்பாள் மேல் இருந்த கை அசையவில்லை. "போறவரைக் கேக்காம அனுப்பக் கூடாதுன்னு சார் சொல்லியிருக்காரு."

அவள் என்ன கேட்கப் போகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. எந்தக் கேள்வியை நாலு சுவருக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று இத்தனை நாள் ஒளித்து வைத்தேனோ, அதை இவள் நடுத்தெருவில் கேட்கப் போகிறாள். கண்ணாடிக்குப் பின்னால் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் அவர் பக்கம் திரும்பிவிட்டாள்.

"சார்" என்றாள் அவள், நன்றாகக் கேட்கிற குரலில். "இங்க பாருங்க. இவங்க யாரு?"

அவர் எழுந்து வந்தார். கம்பிகளுக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்தார். கன்னத்தில் கட்டியிருந்த துண்டைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். வாசலில் நிற்கிறவன் ஆளை அப்படித்தான் மேலிருந்து கீழே பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பாரே, அப்படி. நான் துண்டை அவிழ்த்தேன். சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

"பேரு வரலை" என்றார்.

கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மெல்லிசு என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரு கிடக்கட்டும் சார். இவங்க உங்களை என்ன செய்வாங்க?"

அவர் யோசித்தார். புருவம் நெரிந்தது. பிறகு உதட்டோரம் மெல்ல இழுத்துக்கொண்டது. வீட்டில் வம்புக்கு நிற்கும்போது வருகிற இழுப்பு அது.

"திட்டுவாங்க" என்றார்.

"அப்புறம்?"

"திட்டிட்டுச் சாப்பாடு போடுவாங்க."

சொல்லிவிட்டு அவர் பின்னால் திரும்பினார். அங்கே காலியான முற்றமும் மருந்துப் பெட்டிகளும்தான் இருந்தன. ஆனால் மண்மூட்டைக்குப் பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்க வேண்டும் என்பதுபோல, அணிவகுப்புக் குரலில் சத்தமாகச் சொன்னார்.

"நம்ம ஆளுதான். விடு."

மெல்லிசு தாழ்ப்பாளை நீக்கினாள். சல்யூட் அடிக்கவில்லை. நான் குனிந்து உள்ளே நுழைந்தேன். கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் அவருக்கு என்னை எதை வைத்துத் தெரியும் என்று இப்போதுதானே சொன்னார். அதனால் மூக்கைச் சிந்திவிட்டு, "போனை மேஜை மேல வெச்சுட்டு வந்திருக்கீங்களே, உங்களுக்குக் கொஞ்சமாவது பொறுப்பு இருக்கா?" என்று திட்ட ஆரம்பித்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.